சொம்புக்குள் ஒரு ரோபோ

"மாமா! ஊசியை அவகிட்டயா குடுத்திருக்கீங்க?"

கிருபா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். தாம்பரம் வீட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிக் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக் டப்பா கையில் கனத்தது.

கீழ்க்கட்டளை வீட்டு முன்னறையில் சித்தி மகள் ஜோதி, பன்னிரண்டு வயசு வாண்டு, சுழலும் ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தாள். லாசரஸ் மாமா நாற்காலியில் சாய்ந்தபடி, தடுக்காமல், சிரித்துக்கொண்டு வேறு இருந்தார்.

"யாரு... கிருபாவா? வா வா! வேலூர்லேர்ந்து எப்ப வந்தே?"

யாராம்! ஆறு மாசம் ஹாஸ்டலுக்குப் போய்விட்டு வந்தால் ஆளே மறந்துவிடுமா?

இந்த அறையே கதியென்று கிடந்து வளர்ந்தவள் கிருபா. மாமா வாலிபத்தில் பத்திரிகைகளில் வந்த விண்வெளித் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சிவப்பு அட்டை போட்டு பைண்ட் செய்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் அதை எடுத்து அவளுக்குப் படிப்பார். சும்மாவா படிப்பார்? ரோபோ பேசும் இடம் வந்தால் எவர்சில்வர் சொம்பை வாயருகே வைத்துக்கொண்டு கணகணவென்று பேசுவார். ராக்கெட் கிளம்பும்போது சரியாக வயலின் ரெக்கார்டு பாடத் தொடங்கும். கிருபா பயந்துபோய் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

ஆனால் ஊசியை மட்டும் தொட விட்டதில்லை. "கீறல் விழுந்தா போச்சு. தள்ளி உக்காரு!" அந்தச் சிவப்புப் புத்தகமும் அப்படித்தான். அழுது புரண்டாலும் ஒரு நாள் இரவல் கிடைக்காது.

இப்போது அந்தப் புத்தகம் ஜோதியின் மடியில் கிடந்தது. அதுவும் முறுக்கு தின்ற கையோடு!

ஜூன் மாசம் சித்தி குடும்பம் அரக்கோணத்திலிருந்து இந்த வீட்டு மாடிக்குக் குடிவந்ததோ இல்லையோ, வாண்டு மாமாவையே வளைத்துப் போட்டுவிட்டது. கிருபாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. புகை வராததுதான் பாக்கி.

"ஐயோ அக்கா, முடியை வெட்டிட்டீங்களா? சூப்பரா இருக்கு!" என்றாள் ஜோதி.

இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்ததற்கு அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மாமா என்ன சொல்லப்போகிறார் என்று கிருபா காத்திருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா, ரெக்கார்டு பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு. திரும்பிச் சொன்னால் கழுத்தா சுளுக்கிக்கொள்ளும்?

பாட்டு முடிந்தது. "ஜோதி, விட்ட இடத்துலேர்ந்து படிம்மா" என்றார்.

ஜோதி படித்தாள். ரோபோவுக்கும் ராணிக்கும் ராக்கெட் ஓட்டுகிறவனுக்கும் ஒரே குரல், வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரல். நாலு வரிக்கு ஒரு தடவை தடுக்கி வேறு விழுந்தாள். அதைப்போய் மாமா கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். ராக்கெட் கிளம்பியதும் ஜோதி துள்ளி எழுந்து வயலின் ரெக்கார்டைப் போட்டாள். அது என் வயலின் என்று கத்த வேண்டும்போல் இருந்தது கிருபாவுக்கு.

நடுவில் சித்தி மாடியிலிருந்து காபி கொண்டுவந்தாள். ஜோதி அதை வாங்கி, "சூடு மாமா, பார்த்து" என்று அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐஸ் வைப்பதற்கும் ஓர் அளவில்லையா?

கிருபா கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தாள்.

"மாமா, ஹாஸ்டல்ல பொழுதே போகலை. இந்த புக்கை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? பத்திரமா கொண்டு வந்துடறேன்."

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வேற எது வேணா எடுத்துக்கோம்மா. அது ஜோதிகிட்டயே இருக்கட்டும்."

"ஏய், வந்து தண்ணி குடு" என்று கிருபா ஜோதியின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடி மாயம் பண்ணினே? நான் பத்து வருஷமா கெஞ்சியும் கிடைக்காததை ஆறே மாசத்துல வாங்கிட்டியே. படு கில்லாடிடி நீ! இனிமே மாமாவுக்கு நான் எதுக்கு?"

ஜோதியின் மூக்கு விடைத்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்களாக்கா இப்படிப் பேசறீங்க? எனக்குத்தான் உங்க மேல பொறாமை!"

"என் மேலயா? எதுக்குடி?"

"மாமா சொம்பை வெச்சுக்கிட்டு ரோபோ மாதிரிப் பேசுவாராமே. அம்மா சொன்னாங்க. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

"படிங்க மாமான்னு சொல்ல வேண்டியதுதானே? நீ கேட்டா அவர் மாட்டேன்னா சொல்லப்போறார்?"

ஜோதி முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கார். தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவீங்களாம். நாங்க குடிவந்ததே அவரைப் பார்த்துக்கத்தான்க்கா. மாமாவுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. இப்ப நான்தான் அவருக்குப் படிக்கிறேன், அவர் படிச்சுக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்... அந்தச் சொம்புக் குரல் எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை பேசிக் காட்டுங்கக்கா."