காது கிழிந்த நாயின் வயது

நாய்த்தீனிக் கடை வைத்திருக்கும் தணிகைவேல், வயதைக் கேட்காமல் யாருக்கும் தீனி தரமாட்டார். குட்டிக்குச் சின்ன உருண்டை, வளர்ந்த நாய்க்குப் பெரிய உருண்டை, பல் போனதற்கு வெந்நீரில் கரைகிற ரகம். எதிர்க் குடியிருப்பின் முதல் மாடி பிலோமினா, "குட்டிதாங்க, செருப்பையெல்லாம் கடிச்சுக் குதறுது" என்று சின்ன உருண்டை வாங்கினாள். மூன்றாம் மாடி கோதண்டம், "கிழடாயிடுச்சுப்பா, படியேறவே மூச்சு வாங்குது" என்று கரைகிறதை வாங்கினார். இருவரும் செல்போனில் காட்டிய படத்தில் இருந்தது ஒரே நாய். பழுப்பு நிறம், இடது காது கிழிசல்.

தணிகைவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே போய்ப் பார்த்தார். முதல் மாடியில் அது பிலோமினாவின் துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. தின்று முடித்து, மேலே போகும் படியில் கால் வைத்ததும் முதுகு கூனியது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறியது.

மேலேயிருந்து கோதண்டத்தின் குரல் கேட்டது: "மெதுவா வாடா ராசா, எனக்கும் முட்டிவலிதான்."

பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். தணிகைவேல் குறுக்கே உட்கார்ந்து அதன் தாடையைப் பிடித்தார். நாய் அவர் கையை முகர்ந்தது. பிறகு கூன் நிமிர்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கி அவர் தோளில் வைத்தது. போன ஆடியில் லாரியில் அடிபட்டுச் செத்த அவருடைய நாலு வயது ஜானி அப்படித்தான் வைக்கும். அவர் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் பெரிய உருண்டையில் ஒரு பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துவைத்தார்.

"நம்ம வீட்லதான் இப்ப நாயே இல்லையே, யாருக்கு இது?" என்றாள் மனைவி.

"நாலு வயசு" என்றார்.