ஆமை வேஷம்

"குழுவுக்குச் சின்னம் ஆமைதான். அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா ஊர்வலத்துல ஆமை வேஷத்தை ரெஜினா போடக் கூடாது" என்றார் ஹெப்சிபா டீச்சர்.

ராயபுரத்தில் அய்யாத்துரை அண்ணாச்சியின் மளிகைக் கடை மாடி. கடலோர உயிர்களைக் காக்கும் குழு அங்கேதான் கூடும். கீழேயிருந்து ஏறும் மிளகாய் வற்றல் நெடியில் பேச்சை விடத் தும்மல்தான் அதிகம்.

ரெஜினாவின் முகம் சுண்டிப் போனது.

"இன்னா டீச்சர் இப்டி சொல்ற? நான்தானே மொதல்ல கை தூக்குனேன்? 'எங்கம்மாதான் ஆமை'ன்னு எம் பொண்ணு மகிமா கிளாஸ் பூரா சொல்லிகினு கீது."

"உன் வீட்டுக்காரர் என்ன தொழில் செய்றார்?"

"மீன் புடிக்கிறாரு."

"எதை வச்சு?"

"வலை வச்சுதான்."

"கரையில ஆமை ஆமையாச் செத்து ஒதுங்குதே, அதெல்லாம் எதுல மாட்டிச் செத்தது? அதே வலையிலதானே? வலைக்காரர் பொண்டாட்டியே ஆமை வேஷம் போட்டுக்கிட்டு 'என்னைக் காப்பாத்துங்க'ன்னு போனா ஊர் சிரிக்காதா?"

அண்ணாச்சி குறுக்கே வந்தார். "நான் அப்பமே சொன்னேம்லா, கூழைக்கடா பறவையை வைங்கன்னு? ஆமை புகுந்த வீடு வெளங்காதும்பாங்க. இங்க ஆமை இன்னும் படியே ஏறல, அதுக்குள்ள சண்டை வந்துட்டு!"

செயலாளர் லியோனார்ட், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தத்திலேயே காலம் தள்ளியதாலோ என்னவோ, சண்டைச் சத்தம் மட்டும் அவருக்கு ஆகாது.

"தப்பா எடுத்துக்காதம்மா ரெஜினா. டீச்சர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

"மகிமாகிட்ட இன்னா சார் சொல்றது?"

லியோனார்ட் கூட்டக் குறிப்பு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

டீச்சர் மட்டும் விடவில்லை. "இன்னொண்ணு. ஆமை வலையில சிக்கித் தவிக்கிற மாதிரி காட்டணும். அப்பதான் பார்க்கறவங்களுக்கு உறைக்கும். ரெஜினா, உங்க வீட்ல பழைய வலை இருக்குமே?"

ரெஜினா தலையாட்டினாள். "கொண்டாரச் சொல்றேன்."

ஊர்வலத்துக்கு முதல் நாள், ரெஜினாவின் கணவர் பிராங்கிளின் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மாடி வாசலிலேயே இறக்கினார்.

"இந்தா டீச்சர். தச்சித் தச்சி பேஜாராயி, இனிமே ஆவாதுன்னு ஓரங்கட்டுன வலை. அங்கங்க பொத்தலா கீது, பாத்துக்கோ."

ரெஜினா எதையோ சொல்ல வாயெடுத்தாள். 'கம்முனு கெட' என்று கண்ணாலேயே அதட்டிவிட்டு, அவர் மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

டீச்சர் வலையை விரித்தார்.

"பாத்தீங்களா சார்? நல்ல வலையா ஒண்ணு குடுக்க மனசு வரல. எவ்ளோ பெரிய பெரிய பொத்தல்! கத்தியால அறுத்த மாதிரி இருக்கு. சரி, ஆமை ஓட்டு மேல சுத்திப் பார்ப்போம். அப்புறம் அடைச்சுக்கலாம்" என்றபடி ஊசியில் நூல் கோத்தார்.

ஆமை ஓடு தயாராக இருந்தது. டீச்சரே தெர்மாகோலில் செய்தது. கரையில் செத்துக் கிடந்த ஆமையை டேப் வைத்து அளந்து, அச்சு அசலாக அதே அளவில் செய்திருந்தார்.

லியோனார்ட் ஒரு பக்கமும் அண்ணாச்சி ஒரு பக்கமும் வலையைத் தூக்கிப் பிடிக்க, டீச்சர் ஆமை ஓட்டை நடுவில் வைத்தார்.

அது அப்படியே ஒரு பொத்தல் வழியாக வழுக்கித் தரையில் விழுந்தது.

"இறுக்கிப் பிடிங்க அண்ணாச்சி!"

வேறு இடம் பார்த்து வைத்தார். அங்கேயும் வழுக்கிக்கொண்டு போனது.

"என்ன டீச்சர், ஒங்க ஆமை வலையில நிக்கவே மாட்டேங்கு!" என்று சிரித்தார் அண்ணாச்சி.

டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து ஓட்டைக் கையில் எடுத்தார். இன்னொரு பொத்தலில் மெதுவாக வைத்துப் பார்த்தார். அளவெடுத்து வெட்டியது போல உள்ளே போய் வெளியே வந்தது.

அண்ணாச்சியின் சிரிப்பும் நின்றது.

"ரெஜினா... இதெல்லாம்...?" என்று நிமிர்ந்தார் டீச்சர்.

"உசுரோட மாட்டிச்சின்னா அறுத்து வுட்டுடுவாரு டீச்சர். வெளிய சொல்லாதன்னு சொல்லி வச்சிகிறாரு. ஆமைக்காவ வலைய அறுக்குற லூசுன்னு குப்பத்துல கலாய்ப்பாங்களாம்."

சொல்லிவிட்டு, ரெஜினா ஊசிக்காகக் கை நீட்டினாள். "குடுங்க, நானே அடைக்கிறேன். வலை தைக்க எனக்கு நல்லா வரும்."

டீச்சர் ஊசியைக் கொடுக்கவில்லை. அதை மேசை மேல் வைத்துவிட்டு, ஆமை ஓட்டைத் தூக்கி ரெஜினாவின் முதுகில் வைத்து வாரைக் கட்டினார்.

"எதையும் அடைக்க வேணாம்மா. நாளைக்கு ஊர்வலத்துல, அந்தப் பொத்தல் வழியாத்தான் நீ வெளிய வரணும்."