சமீபத்தில் பார்த்தவை

மோர்க்குழம்புச் சோற்றில் கை வைத்தபடி அவர் கைப்பேசியைப் பார்த்தார்.

சியாமளா எழுதியிருந்தாள். முகநூலில், காலை பதினொன்றேகாலுக்கு.

'சமீபத்தில் பார்த்தவை' என்று வழக்கமான தலைப்பு. கீழே நான்கு படங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி.

சியாமளா அவர் மனைவி. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவள் மனசில் என்ன ஓடுகிறது என்பதை ஏழு மாதமாக அவர் இப்படித்தான் தெரிந்துகொள்கிறார். அலுவலகச் சாப்பாட்டு மேசையில், ஊரோடு சேர்ந்து.

வீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது. நேரத்துக்குக் காபி வரும். சட்டை தேய்த்து மாட்டியிருக்கும். சாயங்காலம் டிவியில் ஏதாவது படம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்.

அபிநயாவுக்குப் பத்தொன்பது வயது. ஒரே பெண். நான்கு நாள் காய்ச்சல்.

ஐந்தாம் நாள் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள்தான் அழுதார்கள்.

அவர் படங்களின் பெயரைத் தாண்டிப் போய்ப் படித்தார்.

"மலையாளம். படம் முழுக்க மழை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிடித்தது."

"அடிதடி. இரண்டே முக்கால் மணி நேரம். நாயகனின் அம்மா முதல் காட்சியிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். கொடுத்துவைத்தவள்."

"கல்லூரிக் கதை. இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். படத்தின் மேல் தப்பில்லை."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். உப்பு போட்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே தெரிவதில்லை.

கடைசிப் படம்.

"பேய்ப் படம். செத்துப்போன பெண் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். பெற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அலறுகிறார்கள். ஏன் என்று புரியவில்லை."

கீழே அறுபத்துமூன்று சிரிப்பு முகங்கள்.

'செம மேடம்' என்று ஒருவர். 'விழுந்து விழுந்து சிரித்தேன்' என்று இன்னொருவர்.

எல்லோருக்கும் சியாமளா நன்றி சொல்லியிருந்தாள். ஒவ்வொருவருக்கும், பெயர் போட்டு.

அவர் மறுபடி படித்தார்.

டப்பாவை மூடினார்.

அரை நாள் விடுப்பு கேட்டபோது மேலாளர் காரணம் கேட்டார்.

"வீட்ல ஒரு வேலை சார்."

மன்னார்புரம் சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வேறு யாருக்கோ அடிக்கிறார்கள் என்று நினைத்தார்.

சியாமளா தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்திருந்தாள். வெளியே நல்ல வெயில். ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து விட்டிருந்தாள்.

"என்ன இந்நேரத்துல?"

"சும்மாதான்."

அவள் கண் டிவியிலேயே இருந்தது.

அவர் அறை வாசல் வரை போனார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, சுவரைப் பிடித்து மெல்ல அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன படம்?"

"பேய்ப் படம். இது வேற. உங்களுக்குத்தான் பிடிக்காதே."

"முதல்லேர்ந்து போடு."

ரிமோட்டை எடுத்து முதலிலிருந்து போட்டாள்.

தோப்புக்குள் ஒரு வீடு. புருஷனும் பெண்டாட்டியும் தூங்குகிறார்கள். சுவரில் மாலை போட்ட ஒரு இளம்பெண்ணின் புகைப்படம்.

வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம்.

அந்தப் பெண்டாட்டி எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள். புருஷன் கட்டிலிலிருந்து குதித்து, தாழ்ப்பாளைப் போட ஓடினான்.

"போடாதய்யா."

சொன்னது தான்தான் என்பது அவருக்கு உடனே தெரியவில்லை. குரல் கிழிந்துபோய் வந்தது.

"தொறந்து விடுய்யா. பிள்ள எவ்வளவு நேரம் வெளிய நிக்கும்."

சியாமளா டிவியிலிருந்து கண்ணை எடுத்தாள்.