அவளுடைய சீட்

தீவைச் சுற்றும் கடலோரச் சாலையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அவருடைய காரை இன்று ஓட்டுவது, அவரைப் பார்க்க வந்திருக்கும் பழைய நண்பர். "அந்தக் கூம்புப் பாறைக்கு என்ன பேருடா?" என்று நண்பர் கேட்கிறார். "தெரியலடா." "இத்தனை வருஷம் இங்க இருந்து என்னத்தக் கிழிச்ச?" "ஓட்டுறவன் ரோட்டத்தானே பார்ப்பான்? வர்றவங்களுக்கு ஒவ்வொண்ணா காட்டி, வாய் ஓயாம சொல்றதெல்லாம் அவதான்." பின்சீட்டில் இன்னொரு நண்பர் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம் பாதியில் நிற்கிறது. கார் வளைவில் திரும்பியதும் கடல் பளீரென்று முழுசாக எதிரே வருகிறது. போன மழைக்காலத்தில் இறந்துபோன மனைவியின் சீட்டிலிருந்து அவர் அதைப் பார்க்கிறார். குள்ளமான அவளுக்காக முன்னுக்கு இழுத்துப் போட்ட சீட். குலுங்கும்போதெல்லாம் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. "பின்னாடி தள்ளிக்கோயேன்டா, லீவர் கீழதான் இருக்கு." அவர் கை லீவர் வரை போகிறது. "இருக்கட்டும்டா," என்று காலை இன்னும் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்கிறார்.