காளியப்பனின் கையெழுத்து

"அவரு கையெழுத்துதான் வேணுமா அண்ணே? கட்டைவிரல் ரேகை வெச்சா ஆகாதா?"

கதவைத் திறந்ததுமே மலர் இதைத்தான் கேட்டாள். முந்தானைக்குள் எதையோ மூடிப் பிடித்திருந்தாள். ஹேமநாதனுக்குச் சிரிப்பு வந்தது. மலேசியாவின் குளுவாங்கில் விசா மனுக்கள் எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவர் அவர்.

"காளிக்கு என்ன, கையெழுத்துப் போடத் தெரியாதா? எங்க அவன்?"

"காய்ச்சல். உள்ள படுத்திருக்காரு."

பண்டார் தெங்காராவில் இருந்த அந்த வீட்டின் ஜன்னல்கள் பட்டப்பகலிலும் சாத்தியே இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா விசாவில் வந்த மலர், இங்கேயே காளியப்பனைக் கட்டிக்கொண்டு, தங்குவதற்கான பாஸ் முடிந்தும் மூன்று வருடமாக ஒளிந்து வாழ்கிறாள். அதனால் இருட்டு ஹேமநாதனுக்குப் பழகியதுதான். சாம்பிராணிப் புகைதான் புதிது. கண்ணைக் கரித்தது.

"ரெண்டே வழிதாம்மா. நீயே சரண்டர் ஆகி, அபராதம் கட்டி ஊருக்குப் போ. காளி இங்கிருந்து மனுப் போட்டுக் கூப்பிட்டுக்குவான். இல்லாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து இமிகிரேஷனுக்குப் போயி, இங்கயே இருக்க விடுங்கன்னு கேக்கணும். எப்படிப் பார்த்தாலும் புருஷன் வேணும்லா."

"புருஷன் இல்லாட்டி?"

"அனுப்பிடுவாங்க. திரும்பி வர முடியாது. விளக்கு வைக்கிற நேரத்துல இது என்ன பேச்சு, வாயைக் கழுவு. ஒரு டீ போடு."

எப்போது வந்தாலும் கேட்பதற்கு முன்பே இஞ்சி டீ நீட்டுகிறவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கலண்ணே."

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். நெற்றியில் என்றைக்கும் இல்லாத பெரிய பொட்டு. தலை கொள்ளாமல் மல்லிகை. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். காய்ச்சல்காரன் வீட்டில் இந்த அலங்காரம் எதற்கு?

"ஊர்ல எனக்குன்னு யாரும் இல்லண்ணே. இந்த வீட்டை விட்டு நான் போக மாட்டேன். நீங்க எழுதிட்டு வந்த மனுவைக் குடுங்க, உள்ள போயி கையெழுத்து வாங்கிட்டு வந்துடுறேன்."

"அது முடியாது. சாட்சிக் கையெழுத்து நான் போடணும். ஆளைக் கண்ணால பார்க்காம எப்படிப் போடுறது?"

மலர் வழியை விட்டு மெல்ல விலகி நின்றாள்.

"டேய் காளி" என்று கூப்பிட்டுக்கொண்டே அறைக் கதவைத் தள்ளினார்.

கட்டிலில் காளியப்பன் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தான். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த இரண்டு கால் பெருவிரல்களும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

பின்னால் வந்து நின்ற மலர், முந்தானைக்குள்ளிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

"ஆளைக் கண்ணால பார்த்துட்டீங்கல்ல அண்ணே. இப்ப ரேகை வெச்சுக்கலாமா?"