ஈகைப் பாடத்துக்கு வந்த கோழி

பாக்கியலெட்சுமி கக்கத்தில் கோழியை இடுக்கிக்கொண்டு வகுப்பின் முன்னால் வந்து நின்றாள்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசாணி கன்னத்தில் கை வைத்து, "ஓ!" என்றார்.

இலங்கை மலையில் தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம், முன்பு உரமூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை. கரும்பலகையில் இராசையா வாத்தியார், '1912 தீபாவளி அன்புப் பரிமாற்றப் பெருவிழா' என்று எழுதியிருந்தார். அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒரு புத்தகத்தின் வேலை. பண்டிகைகளைக் கொண்டு பிள்ளைகளின் மனதைப் பழக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம். துரைசாணி படித்தார்; துரை தலையாட்டினார்; வாத்தியார் எழுத்துப் பாடத்தை நிறுத்தினார்.

முதல் வாரம் கோபத்தை அடக்கப் பழகினார்கள். அடுத்த வாரம் மன்னிப்பு. அதற்கடுத்து உண்மை பேசுதல். நான்காவது வாரமாகிய இன்று ஈகை. உனக்கு மிகவும் பிடித்ததை உன் சிநேகிதருக்குக் கொடு.

பிள்ளைகள் இன்னும் 'ச'வைத் தாண்டவில்லை. ஆனால் அவர்களுடைய இருதயம் முதிர்ந்துவிட்டதாக வாத்தியார் துரை பங்களாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

இதுவரை வந்த ஈகை: பாதி கடித்த கொய்யா ஒன்று, சீப்பு ஒன்று.

"வாத்தியாரே, இதுல பல்லே இல்ல!" என்று சீப்பு வாங்கியவன் கத்தினான்.

"கோபத்தை அடக்கு," என்றார் வாத்தியார்.

இப்போது கோழி. பாக்கியலெட்சுமி அதைத் தன் சிநேகிதி தனலெட்சுமியின் மடியில் வைத்தாள்.

"ஏய், நெசமாவாடி?" என்றாள் தனலெட்சுமி. "ஒங்கப்பன் ஒதைக்க மாட்டாரு?"

பாக்கியலெட்சுமியின் அப்பா மாடசாமிக்குக் கோழி வெளியே வந்ததே தெரியாது. அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. நாளைக்குத் தீபாவளி வெடியும் தப்பு மேளச் சத்தமும் கிளம்பியதும், வீட்டில் நான்கு பேரும் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கிவிட வேண்டும். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்குப் பதுளைக் கோர்ட்டும் மறியல் என்கிற சிறையும் காத்திருந்தன. அதனால் கொடியில் துணி காய்ந்தபடியே இருக்கட்டும். அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளாதீர்கள். கோழி வழியில் கத்திக் காட்டிக் கொடுக்கும், அது வீட்டுக் காம்பராவிலேயே கிடக்கட்டும்.

ஏன் போகிறோம் என்று பாக்கியலெட்சுமிக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்பது வயதுக்கு அது தேவையில்லை என்று நினைத்தார்கள். அக்காவைக் கேட்டால் அவள் அழுதாள்.

பூட்டிய காம்பராவில் கோழி பட்டினி கிடக்குமே என்பதுதான் பாக்கியலெட்சுமியின் கவலையாக இருந்தது. பாடமும் அன்றைக்கென்று பார்த்து ஈகையாக அமைந்தது.

"ஏன் குடுக்குது?" என்று துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில் கொஞ்சினார்.

யாரிடமும் வாயைத் திறக்காதே என்றார் அப்பா. உண்மை பேசு என்றார் வாத்தியார். பாக்கியலெட்சுமி இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"இனிமே அதுக்குத் தீனி போட ஆளில்லைங்க."

துரைசாணி கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

தட்டாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வாத்தியார். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் கையிலிருந்த வெண்கட்டி இரண்டாக ஒடிந்தது.

இன்னொருவர் தோட்டத்துக் கூலிகளையெல்லாம் மேய்க்கும் பெரியகங்காணி. துரைசாணிக்குப் பக்கத்து நாற்காலியில், கறுப்புக் கோட்டும் நரைத்த மீசையுமாக, அதுவரை பாதித் தூக்கத்தில் இருந்தார். இப்போது கண் நன்றாகத் திறந்திருந்தது.

"முட்ட போடுதா, தாயி?"

"நாள் தவறாம போடுதுங்க."

"அடேயப்பா." மீசையைத் தடவிக்கொண்டார். "முட்ட போடுற கோழிய யாரு குடுப்பா! தங்கமான புள்ள."

வாத்தியார் குறுக்கே புகுந்தார். "சின்னப் புள்ள, தெரியாமக் கொண்டாந்திருச்சுங்க. கோழியத் திருப்பி…"

"சும்மா இருங்க வாத்தியாரே. நீங்க சொல்லிக் குடுத்தது வீணாப் போவுமா?" கங்காணி எழுந்தார். "எனக்கே மனசு எளகிப் போச்சு. நானும் எதாச்சும் குடுக்கணும்ல?"

துரைசாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகத்தில் பெரியவர்கள் திருந்தும் அத்தியாயம் கடைசியில்தான் வரும். இங்கே நான்காம் வாரத்திலேயே வந்துவிட்டது.

"இந்தப் புள்ள குடும்பத்துக்கு இந்தத் தீவாளி நம்ம வீட்டுலதான். நாளைக்கு எதுக்கு, இப்பவே வரட்டும். ரெண்டு ஆள அனுப்புறேன். சாமானெல்லாம் அவங்களே தூக்கியாந்துருவாங்க. மூட்ட கட்டுற வேலகூட இருக்காது, கட்டித்தான் வச்சிருப்பாங்க." சிரித்தார். "இல்லயா, தாயி?"

பாக்கியலெட்சுமி வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் தன் செருப்பைப் பார்த்தார். அது கங்காணி வாங்கிக் கொடுத்த செருப்பு.

வாசலில் நின்ற இரண்டு ஆட்களும் அதற்குள் லயத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

கங்காணி குனிந்து பாக்கியலெட்சுமியின் தலையைத் தடவினார். குரல் தேனாக இருந்தது.

"ஒங்க அக்காகிட்ட ஒண்ணு சொல்லு. நம்ம கல்யாணத்துக்குக் கூறப்புடவ எடுத்தாச்சு. நெறம் புடிச்சிருக்கான்னு இன்னைக்கே வந்து பாத்துரட்டும்."

துரைசாணி, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அவர் என்ன சொன்னார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"பிள்ளையின் அக்காவுக்கும் ஒரு புடவை கொடுக்கிறாராம், அம்மா," என்று வாத்தியார் இங்கிலீஷில் சொன்னார்.

என்ன புடவை என்று அவர் சொல்லவில்லை.