பத்துக்குப் பூஜ்யம்

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகளின் நோட்டோடு பள்ளிக்கூடத்துக்குள் ஆவேசமாக நுழைந்தாள் உண்ணாமலை.

"ஏனுங்க வாத்தியாரே! 'கிவ் அப்' வெச்சு வாக்கியம் எழுதச் சொன்னீங்க. 'எங்கப்பா கள்ளை விட்டுட்டாரு'ன்னு எம்புள்ள இங்கிலீசுல எழுதியிருக்கா. அதுக்குப் பூஜ்யமா?"

"இங்கிலீசு சரிதானம்மா. சங்கதிதான் பொய்."

"எங்கூட்டுக்காரரு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்காருங்க! பொய்யின்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?"

வாத்தியாருக்கும் கோபம் வந்துவிட்டது. "சத்தியமாவது! நேத்துக்கூடப் பனங்காட்டுல ரண்டு மொந்தை குடிச்சாரு. எனக்கு ஒரு வாய் மிச்சம் வெக்கலியே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவசரமாகப் பூஜ்யத்துக்கு முன்னால் ஒன்றைப் போட்டு நோட்டை நீட்டினார்.

உண்ணாமலை வாங்கவில்லை.

"மார்க்கு கெடக்குதுங்க. அதே வார்த்தையை வெச்சு நீங்க ஒண்ணு எழுதுங்க, பாக்கலாம். நெசமா இருக்கோணும்!"